‘த்ராப்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் இத்தாலிய மொழிபெயர்ப்பும்: ஒரு கவிதையையும் ஒரு வலி வினாநிரலையும் முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

விட்டுவிட்டு எழுந்து தாழும் துடிப்பைக் குறிக்கும் ‘த்ராப்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் நேரான ஒற்றைச் சொல் இல்லை. புல்சாரே, பல்பிதாரே, பாத்தெரே, மர்த்தெல்லாரே முதலிய வினைகள் அதன் பொருட்பரப்பைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. துறைக்கு ஏற்ற வினையைத் தேர்ந்தால் போதும் என்பது பொதுவாகக் கூறப்படும் தீர்வு. அத்தீர்வு எங்கே பயன்படாமல் போகிறது என்பதை டி. எஸ். எலியட்டின் ‘தி வேஸ்ட் லேண்ட்’ கவிதை, மெக்கில் வலி வினாநிரல் ஆகிய இரண்டின்வழி இக்கட்டுரை விளக்குகிறது. கவிதையில் ஒரே சொல்லை இரண்டு இடங்களில் காக்க வேண்டும். வினாநிரலில் அருகருகே நிற்கும் சொற்களைப் பிரித்துக் காக்க வேண்டும். முதற்சிக்கலைத் தீர்க்கும் ‘புல்சாரே’ என்னும் வினையே இரண்டாம் சிக்கலைத் தோற்றுவிக்கிறது.

திறவுச் சொற்கள்: மொழிபெயர்ப்பியல், பொருண்மையியல், ஆங்கிலம், இத்தாலியன், வலிச்சொற்கள், துடிப்பு.

முன்னுரை

இதயம், நெற்றிப்பொட்டு, அடிபட்ட விரல், கப்பலின் எந்திரம், நள்ளிரவு இசையரங்கின் தாழ்சுரம், திருவிழாக் கூட்டம் ஆகிய அனைத்திற்கும் ஆங்கிலத்தில் ‘த்ராப்’ என்னும் ஒரே வினையைப் பயன்படுத்தலாம். ஆங்கிலம்–இத்தாலியன் அகராதியைப் புரட்டுவோர்க்கு இச்சொல்லின்கீழ் நான்கைந்து வினைகள் கிடைக்கின்றன. அவற்றுள் எது பொருத்தமானது என்பதைத் துறையும் சூழலும் முடிவுசெய்யும் என்று மொழிபெயர்ப்புக் கையேடுகள் அமைதி கூறும். பெரும்பாலான தொடர்களுக்கு அவ்வமைதி போதும். எனினும், ஒரு சொல் இரண்டு துறைகளுக்கு நடுவில் நிற்கும் இடத்திலும், அச்சொல் தன் அண்டைச் சொற்களோடு ஒப்பிடப்பட்டே பொருள்பெறும் இடத்திலும் அது போதாது. அவ்விரு இடங்களே இக்கட்டுரையின் களம்.

ஆங்கிலச் சொல்லின் இயல்பு

‘த்ராப்’ என்பது 14ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கிலத்தில் காணப்படும் சொல். இதன் வேர் உறுதியாக அறியப்படவில்லை. ஒலிக்குறிப்பாகப் பிறந்த சொல்லாகலாம் என்பது சொற்பிறப்பியலார் கருத்து. உச்சரித்துப் பார்த்தால் அக்கருத்தில் நியாயம் இருப்பது புலப்படும். ஒரே அசை, முன்னே நெருக்கி வரும் மெய்யொலிகள், இறுதியில் இதழ்கள் மூடிக்கொள்ளும் ‘ப்’. ஓர் எழுச்சியும் அதன் அடக்கமும் ஓர் அசைக்குள் முடிந்துவிடுகின்றன.

வேர் தெளிவற்றிருப்பதால் இச்சொல்லுக்கு ஒரு பயனும் உண்டு. துடிப்பை உண்டாக்குவது எது என்பதை இது கூறுவதில்லை. குருதி ஓட்டமா, தசையா, நீராவியா, அச்சமா என்னும் வினாவுக்கு இச்சொல்லுக்குள் விடை இல்லை. தாளமும் அழுத்தமும் மட்டுமே இதன் பொருள். தாளம் இல்லாத நோவுக்கும், அழுத்தம் இல்லாத மெல்லிய அதிர்வுக்கும் ஆங்கிலேயர் இதனை ஆள்வதில்லை.

இத்தாலிய வினைகள்

இத்தாலிய மொழியின் வினைகளோ ஒவ்வொன்றும் தன் மூலத்தைச் சுமந்துகொண்டே வருகின்றன. ‘புல்சாரே’ இலத்தீனிலிருந்து வந்தது. தள்ளுதல், மோதுதல் என்னும் பொருளுடைய ‘பெல்லெரே’ என்ற இலத்தீன் வினையின், செயல் திரும்பத்திரும்ப நிகழ்தலைக் காட்டும் வடிவமே ‘புல்சாரே’. இதே குடும்பத்தைச் சேர்ந்த ‘போல்சோ’ என்னும் இத்தாலியப் பெயர்ச்சொல் மணிக்கட்டையும் குறிக்கும், நாடியையும் குறிக்கும். ஆகவே, ஒருவர் தம் நெற்றிப்பொட்டு ‘புல்சா’ என்று கூறும்போது நாடி ஓடும் எண்ணமும் உடன் வந்துவிடுகிறது. பெயரெச்ச வடிவமாகிய ‘புல்சாந்தே’ இன்னொரு வேலையும் பார்க்கிறது. மின்தூக்கியிலும் கருவிகளிலும் அழுத்தும் பொத்தானுக்கு அதுவே பெயர். நல்ல தொடரில் இக்குழப்பம் எழாது. ஆயினும், கவிதை மொழிபெயர்ப்பாளரின் காதில் அது கொஞ்சம் உறுத்தவே செய்யும். ‘நகரின் துடிக்கும் இதயம்’ என்ற பொருளில் இத்தாலிய நாளிதழ்கள் இதனை ஓயாது எழுதித் தேய்த்துவிட்டமையும் கருதத்தக்கது.

‘பல்பிதாரே’ தொட்டுத் தடவுதல் என்னும் பொருளுடைய ‘பல்பாரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. இதுவும் திரும்பத்திரும்ப நிகழ்தலைக் காட்டும் வடிவமே. ஆனால் இதில் மோதல் இல்லை. மென்மையான படபடப்பு உண்டு. சிறு பறவையைக் கையில் பிடித்தால் உணரப்படும் அசைவு இதன் இயற்கையான இடம். 19ஆம் நூற்றாண்டு இத்தாலிய இசைநாடகம் இச்சொல்லைத் தன்வயப்படுத்திக்கொண்டது. 1813இல் வெனிசு நகரில் அரங்கேறிய ரோசினியின் ‘தான்கிரேதி’யில் புகழ்பெற்ற தனிப்பாடல் ஒன்று ‘பால்பிதி’ என்னும் பன்மைப் பெயராலேயே நினைவுகூரப்படுகிறது. 1853இல் அதே நகரில் அரங்கேறிய வெர்தியின் ‘லா திராவியாதா’வுக்குப் பியாவே எழுதிய பாடநூலில், காதலன் தன் காதலை வெளியிடும் இடத்தில் ‘பால்பிதோ’ வருகிறது. தன் இதயத்தை முன்னிறுத்திப் பேசும் ‘ஆ சே ஸ்தெஸ்ஸோ’ கவிதையில் லியோபார்தி ஆள்வதும் இவ்வினையே. இத்துணைப் பாடல்களின் வாசனை படிந்த சொல்லை இன்றைய உரைநடையில் எழுதினால் காலம் பின்னோக்கி நகர்ந்துவிடும். மருத்துவரிடம் ‘பல்பிதத்ஸியோனி’ என்று ஒருவர் முறையிட்டால் அவர் இதயப் படபடப்பைச் சொல்கிறார் என்றே பொருள். விரல் வலியை இக்குடும்பச் சொல்லால் யாரும் முறையிடுவதில்லை.

‘பாத்தெரே’ அடித்தல் என்னும் பொதுவினை. இதயம் அடித்துக்கொள்வதற்கு அன்றாடப் பேச்சில் வழங்குவது இதுவே. ஆனால் இதன் பரப்பு மிகப் பெரிது. கம்பளத்தைத் தட்டுவதும், எதிரியை வெல்வதும், தட்டச்சு செய்வதும் இதற்குள் அடங்கும். பன்மையில் பற்கள் ‘பாத்தொனோ’ என்றால் குளிரால் பற்கள் கிடுகிடுத்தல் என்று கேட்போர் கொள்வர். எனவே, பல்வலியின் துடிப்பைச் சொல்ல இது கைகொடுப்பது அரிது. ‘மர்த்தெல்லாரே’ சுத்தியலைக் குறிக்கும் ‘மர்த்தெல்லோ’விலிருந்து பிறந்தது. தலைவலி கடுமையாகும்போது இத்தாலியர் இதனை இயல்பாக ஆள்கின்றனர். எந்திரத்துக்கு ‘விப்ராரே’ பரிந்துரைக்கப்படுவதுண்டு. அதில் அதிர்வு உண்டு. ஆனால் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியத்தக்க அடிகள் இல்லை.

திரைநாயகர்களைக் குறிக்கும் ‘ஹார்ட்த்ராப்’ என்னும் ஆங்கிலத் தொகைச்சொல்லுக்கு இத்தாலியர் ‘ருபாகுவோரி’ என்பர். இதயத் திருடன் என்பது அதன் நேர்ப்பொருள். துடிப்பு முற்றிலும் மறைந்துவிட்டது, யாரும் குறைகூறுவதில்லை. வழக்கில் நிலைபெற்ற தொகைச்சொல்லுக்கு அதன் உறுப்புகள் முக்கியமல்ல என்பதற்கு இது போதிய சான்று.

கவிதையில் ஒரு சொல், இரண்டு இடம்

1922இல் வெளிவந்த ‘தி வேஸ்ட் லேண்ட்’ கவிதையின் மூன்றாம் பகுதி ‘தி ஃபயர் செர்மன்’. அலுவலகம் முடியும் அந்திப்பொழுது அங்கே வருணிக்கப்படுகிறது. வேலை முடியக் காத்திருக்கும் மனித உடல் ஓர் எந்திரமாகவும், காத்து நிற்கும் டாக்சியாகவும் உவமிக்கப்படுகிறது. ‘த்ராப்’ அங்கே ஒருமுறை வருகிறது. உடனே அடுத்த அடியில் டைரீசியஸ் பேசத் தொடங்குகிறார். ஆணாகவும் பெண்ணாகவும் வாழ்ந்த அந்தக் குருட்டு முதியவரின் நிலையைக் கூறும்போது அதே சொல் மீண்டும் வருகிறது. கவிதைக்கு எலியட் தாமே எழுதிய குறிப்புகளில் டைரீசியசை அப்படைப்பின் மிக முக்கியமான பாத்திரமாகச் சுட்டியிருக்கிறார். ஆகவே, இந்தச் சொல்மீட்சியைத் தற்செயல் என்று ஒதுக்க இயலாது. நின்ற இடத்தில் ‘ஐட்லிங்’கில் குலுங்கும் வண்டியும், இரு வாழ்வுகளுக்கிடையே அலையும் உணர்வும் ஒரே வினையால் தைக்கப்பட்டுள்ளன.

துறைக்கு ஏற்ற சொல் என்னும் விதியை இங்கே பின்பற்றினால் விளைவது என்ன? டாக்சிக்கு ‘விப்ராரே’ பொருந்தும். டைரீசியசுக்குப் ‘பல்பிதாரே’ பொருந்தும். இரண்டும் தனித்தனியே பிழையற்றவை. ஆனால் தையல் பிரிந்துபோகும். எந்திரமும் மனிதனும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன என்னும் செய்தி எங்கும் கூற்றாக விரிக்கப்படாமல் சொல்மீட்சியால் உணர்த்தப்படுவதால், அம்மீட்சி போனால் செய்தியும் போய்விடுகிறது. ‘பல்பிதாரே’யை இரண்டு இடத்திலும் வைத்தால் டாக்சி இசைநாடகக் காதலனாகிவிடும். ‘மர்த்தெல்லாரே’யை வைத்தால் முதியவரின் தயக்கம் அழிந்து வன்மை மிகும். இரண்டு இடத்திலும் நிற்கக்கூடியது ‘புல்சாரே’ ஒன்றே. தேய்ந்த சொல்லாயினும், நாடியின் நினைவைச் சுமந்தாலும், எந்திரத்துக்கும் உடலுக்கும் பொதுவாக வழங்குவது அதுதான். நாடியின் நினைவு இங்கே கேடாகவும் இல்லை. டாக்சிக்கு ஒரு நாடியைத் தருவது எலியட்டின் உவமை செல்லும் திசையிலேயே செல்கிறது.

மாரியோ பிராட்ஸ் 1932இலேயே இக்கவிதையை இத்தாலிய மொழிக்குக் கொண்டுசென்றார். ரொபெர்தோ சனேசி முதலியோர் பின்னர் மொழிபெயர்த்தனர். இம்மொழிபெயர்ப்பாளர் எவரும் எதிர்கொள்ள வேண்டிய இன்னொரு தடை இலக்கணத்தில் உள்ளது. ஆங்கிலத்தில் ‘-இங்’ ஈறு பெற்ற வடிவம் வினையின் உயிர்ப்போடு பெயருக்குப் பின்னே நிற்கும். அத்தகைய இரண்டு வடிவங்களை இணைப்பின்றி அடுத்தடுத்தும் நிறுத்தலாம். இத்தாலியனில் ‘-ஆந்தே’ ஈற்று வடிவம் பெரும்பாலும் உறைந்த பெயரடையாகிவிட்டது. அதனை வைத்தால் டாக்சியின் நிலையான பண்பாகத் துடிப்பு தோன்றும். ‘-ஆந்தோ’ ஈற்று வினையெச்சமோ பொதுவாகத் தலைமைத் தொடரின் எழுவாயையே சாரும். எனவே, துடிப்பது டாக்சியா, அத்தொடரின் எழுவாயாகிய மனித எந்திரமா என்னும் மயக்கம் எழும். ‘துடிக்கின்ற’ என்னும் பொருளில் ‘கே புல்சா’ என்று சார்புத்தொடராக விரிப்பதே தெளிவான வழி. விரித்தால் மூலத்தின் நெருக்கம் தளர்கிறது. சொல்லைக் காத்தவர் வடிவத்தை இழக்கிறார்.

ஓசையையும் ஒரு சொல்லில் குறிப்பிடலாம். இத்தாலிய வினைகள் உயிரொலியில் முடிவதால் ‘த்ராப்’ என்னும் சொல்லின் மூடிய இறுதி கிடைக்காது. ‘பால்பிதா’ என்னும் படர்க்கை வடிவம் முதலசையில் அழுத்தம் பெற்று, இரண்டு ‘ப’கர ஒலிகளாலும் ஒரு ‘த’கர ஒலியாலும் தாளத்தை நிகழ்த்திக்காட்டுகிறது. ஓசை ஒன்றையே கருதினால் அதுவே முந்தும்.

வலி வினாநிரலில் ஆறு சொற்கள்

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக், 1971இல் டோர்கர்சனுடன் இணைந்து, மருத்துவ எழுத்துகளில் வலியைக் குறிக்க வழங்கும் 102 சொற்களைத் தொகுத்து வகைப்படுத்தினார். மருத்துவர், நோயாளி, மாணவர் ஆகியோரைக்கொண்டு அச்சொற்களின் கடுமை அளவிடப்பட்டது. இதிலிருந்து வளர்ந்து 1975இல் வெளிவந்ததே மெக்கில் வலி வினாநிரல். அதில் 78 சொற்கள் 20 பிரிவுகளில் அடுக்கப்பட்டுள்ளன. நோயாளி ஒரு பிரிவிலிருந்து தமக்குப் பொருந்தும் ஒரு சொல்லைத் தேர்வார். பொருந்துவது இல்லையெனில் அப்பிரிவை விட்டுவிடுவார். பிரிவுக்குள் சொல் நிற்கும் வரிசை எண்ணே அதன் மதிப்பெண்.

முதற்பிரிவே தாளத்துக்கு உரியது. அதில் ஃப்ளிக்கரிங், குவிவரிங், பல்சிங், த்ராபிங், பீட்டிங், பவுண்டிங் என்னும் ஆறு சொற்கள் மென்மையிலிருந்து கடுமைக்கு ஏறிச்செல்கின்றன. ‘பல்சிங்’ 3 மதிப்பெண் பெறும். ‘த்ராபிங்’ 4 பெறும். ‘பல்சிங்’ என்பதும் ‘புல்சாரே’யும் ஒரே இலத்தீன் வேரின. அதனால் மூன்றாம் இடத்தைப் ‘புல்சாந்தே’ தானாகவே எடுத்துக்கொள்கிறது. நான்காம் இடத்துக்கு எஞ்சுவது எது? ‘பல்பிதாந்தே’ என்றால் கடுமை ஏறுவதற்கு மாறாக இறங்குகிறது. பொருளும் இதயத்தை நோக்கிச் செல்கிறது. ‘மர்த்தெல்லாந்தே’ ஆறாம் இடமாகிய ‘பவுண்டிங்’ சொல்லுக்கே உரியது. அதனை நான்கில் வைத்தால் ஆறு காலியாகும். ஐந்தாம் இடத்துக்குரிய ‘பாத்தெரே’யின் தொல்லை முன்னரே கூறப்பட்டது. கவிதையில் கைகொடுத்த சொல் இங்கே இரண்டு இருக்கைகளுக்கும் ஒருவராக வந்து நிற்கிறது.

இது வெறும் சொல்லழகுச் சிக்கலன்று. மதிப்பெண்களைக் கூட்டியே வலியின் அளவு கணிக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் ‘த்ராபிங்’ என்று வட்டமிடும் நோயாளியும், அதே வலியுடைய இத்தாலிய நோயாளியும் வேறுவேறு எண் பெறுவராயின், இரு நாட்டு முடிவுகளை ஒப்பிடுவதில் பிழை நேரும். அப்பிழை மருந்தாலும் நோயாலும் வந்ததன்று, மொழிபெயர்ப்பால் வந்தது.

இத்தாலிய ஆய்வாளர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். மையானி, சனாவியோ ஆகியோரின் இத்தாலிய வடிவம் 1985இல் ‘பெயின்’ இதழில் வெளிவந்தது. 1988இல் தே பெனெதித்திஸ் குழுவினர் அதே இதழில் முன்வைத்த இத்தாலிய வலி வினாநிரல் வேறு வழியில் சென்றது. ஆங்கிலச் சொற்களுக்கு நிகரன் தேடுவதை விடுத்து, இத்தாலியர் வழங்கும் வலிச்சொற்களைத் திரட்டி, மெல்சாக்கும் டோர்கர்சனும் சென்ற படிகளையே மீண்டும் ஏறி, புதிதாக ஓர் அடுக்கை அவர்கள் அமைத்தனர். சொல்லை மொழிபெயர்ப்பதற்கு மாற்றாகச் சொல்லைத் தேரும் முறையையே மொழிபெயர்த்தார்கள் எனலாம். மொழிபெயர்ப்பியலார் போதிய கவனம் செலுத்தாத முயற்சி இது.

1987இல் மெல்சாக் வெளியிட்ட சுருக்க வடிவத்தில் நிலைமை மாறுகிறது. அதில் 15 சொற்களே உள்ளன, முதற்சொல் ‘த்ராபிங்’. ஒவ்வொரு சொல்லுக்கும் 0 முதல் 3 வரை கடுமை குறிக்கப்படும். தாளத்தைக் கூறும் ஏனைய ஐந்து சொற்களும் அங்கே இல்லை. அண்டைச் சொற்கள் விலகிவிட்டமையால் ‘புல்சாந்தே’ தடையின்றி அமர்கிறது. ஒரே ஆசிரியரின் ஒரே சொல், ஒரு வடிவத்தில் மொழிபெயர்க்க அரிதாகவும் மற்றொன்றில் எளிதாகவும் இருப்பது, சொற்பொருள் அண்டைச் சொற்களால் வரையறுக்கப்படுகிறது என்னும் சசூரின் கொள்கைக்கு நல்ல எடுத்துக்காட்டு.

நாடியும் வலியும்

‘புல்சாந்தே’ தடையின்றி அமர்கிறது என்றபோதும், அது நாடியை உடன் அழைத்துவருவதை மறக்கலாகாது. ஒற்றைத் தலைவலியைக் கண்டறிவதற்கான பன்னாட்டு வகைப்பாட்டில், நான்கு பண்புகளுள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பது ஒரு விதி. அந்நான்கனுள் ஒன்று ‘பல்சேட்டிங்’ தன்மை. அவ்வகைப்பாட்டின் சொல்லடைவு இதனை இதயத்துடிப்போடு ஒத்து ஏறியிறங்கும் வலி என விளக்கி, ‘த்ராபிங்’ என்பதையும் உடன்பொருளாகத் தருகிறது. ஆனால் பல்வலி நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2012இல் ‘ஜர்னல் ஆஃப் நியூரோசயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, நோயாளி உணரும் வலியின் தாளம் நாடியைவிட மெதுவானது என்றும், இரண்டும் ஒத்தியங்கவில்லை என்றும் கண்டது. துடிப்பின் காரணத்தைக் கூறாத ஆங்கிலச் சொல் இக்கண்டுபிடிப்பால் பாதிக்கப்படுவதில்லை. நாடியை வேரிலேயே கொண்ட சொல், நோயாளியின் வாய்க்குள் ஒரு காரணத்தையும் வைத்துவிடுகிறது. இத்தாலிய நோயாளி அவ்வேரை எண்ணிப் பேசுவதில்லைதான். எனினும் ‘போல்சோ’ அன்றாடச் சொல்லாக இருக்கும் மொழியில் அவ்வேர் முற்றிலும் உறங்குவதும் இல்லை.

திருப்பி மொழிபெயர்த்தலின் எல்லை

மருத்துவ வினாநிரல்களின் மொழிபெயர்ப்பு, மூலமொழிக்கே திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்க்கப்படுகிறது. 2005இல் வெளியிடப்பட்ட ஐஎஸ்பிஓஆர் நெறிமுறைகளிலும் இப்படி இடம்பெற்றுள்ளது. ‘த்ராபிங்’ என்பதைப் ‘புல்சாந்தே’ ஆக்கி, அதனை மற்றொருவரிடம் கொடுத்தால் அவர் ‘த்ராபிங்’ என்றே திருப்பித் தரக்கூடும். தேர்ச்சிக் குறி விழும். ஆனால் ‘பல்சிங்’ என்பதும் அதே சொல்லாக மாறியிருந்ததும், இரண்டின் வேறுபாடு அழிந்ததும் அங்கே தெரியாது. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே சோதிக்கும் முறை, சொற்களுக்கு இடையே உள்ள இடைவெளியைச் சோதிப்பதில்லை. அதே நெறிமுறைகள் கூறும் இன்னொரு படி, வினாநிரலை நோயாளிகளிடம் கொடுத்து அவர்கள் எவ்வாறு புரிந்துகொண்டனர் என்று கேட்டறிவது. இழப்பு வெளிப்படக்கூடிய இடம் அதுவே.

தமிழுக்கு வரும்போது

இத்தகைய வினாநிரல்கள் தமிழிலும் ஆக்கப்படுவதால் ஒரு குறிப்பு இங்கே தேவையாகிறது. ‘துடி’ என்னும் வேர் ‘த்ராப்’ சொல்லுக்கு மிக அணுக்கமாகத் தோன்றும். நாடி துடிக்கும்; இமை துடிக்கும்; துடி என்னும் தோற்கருவியும் உண்டு. ஆனால் வலியோடு சேரும்போது இவ்வேரின் எழுவாய் மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் துடிப்பது வலி. தமிழில் ‘வலியால் துடித்தார்’ என்றால் துடிப்பவர் நோயாளி; அங்கே தாளம் இல்லை, தாங்கொணாத் துன்பமே உண்டு. ‘துடிக்கும் வலி’ என்று அச்சிட்ட தாளைப் படிக்கும் நோயாளி, ‘துடிக்கவைக்கும் வலி’ என்று கொண்டு உயர்ந்த எண்ணை வட்டமிடக்கூடும். அவரே வாய்மொழியாகக் கூறினால் ‘விண்விண் என்று தெறிக்கிறது’ என்பார். தாளத்தை இரட்டிப்பால் காட்டும் அத்தொடரில் நாடியும் இல்லை, சுத்தியலும் இல்லை. இரட்டைக்கிளவி பிரிந்து ஒலிக்காது என்பது தொல்காப்பியர் கூறும் இலக்கணம். ஆகவே, ஒரு கட்டத்துக்குள் ஒற்றைப் பெயரடை கேட்கும் வினாநிரலின் அமைப்பில் அது எளிதில் அடங்குவதில்லை. கட்டத்தை அகலமாக்கி முழுத்தொடரையே அச்சிடலாம். அவ்வாறு செய்தாலும் ‘பல்சிங்’ எங்கே நிற்கும், ‘பீட்டிங்’ எங்கே நிற்கும் என்னும் வினா அப்படியே எஞ்சுகிறது.